எந்தத் தீ?

நம்ம பள்ளிக்கூட க்ரூப்பில் போன வாரம் ஒருத்தி ஒரு போட்டோ போட்டிருந்தாள், பார்த்திருப்பீர்கள். அவள் மகன் லீவு நாளில் நண்பர்களோடு மலையேறப் போன இடமாம். பாறை உச்சியில் நாலு இரும்புக் கால் ஊன்றின ஒரு கோபுரம். கூரை போய் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. அதன் ஏணியில் தொற்றிக்கொண்டு பையன் இரண்டு விரலை விரித்துக் காட்டுகிறான். "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தாள். ஒருத்தன் பழைய டெலிபோன் டவர் என்றான். இன்னொருத்தி தண்ணீர்த் தொட்டி என்றாள். நம்மில் ஒரு மகாபுத்திசாலி, யாரோ ராஜா காலத்துக் காவல் கோபுரம் என்று அடித்துவிட்டான். வெல்டிங் வைத்த ராஜாவை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்குத் தெரியும். பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சங்கதி இல்லை அது. நரையை மறைப்பதா விடுவதா என்று கண்ணாடி முன்னால் தினமும் பட்டிமன்றம் நடத்துகிற வயசு நமக்கெல்லாம் வந்தாயிற்று. இப்போதாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அது காட்டிலாகாக்காரர்கள் தீ பார்ப்பதற்காக நட்ட கோபுரம். மாகடி போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, கொள்ளுக்காட்டு ஓரமாக நடந்தால் அந்த மலை வரும். கோடை முழுக்க ஒரு ஆள் உச்சியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். எங்கேயாவது புகை தெரிந்தால் அடிவாரத்தில் இருக்கிற ஃபாரஸ்ட் கார்டுக்குச் சொல்ல வேண்டும். கார்டு ஒயர்லெஸ்ஸில் ஆபீசுக்குச் சொல்லி ஆட்களை வரவழைப்பார். எனக்குப் பத்து வயசாக இருந்த அந்தக் கோடையில் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தினக்கூலி வேலைதான். மழை விழுந்தால் வேலையும் விழுந்துவிடும்.

அந்தக் கோடைக்கு முந்தின டிசம்பரில்தான் காவிரித் தண்ணீருக்காக நம்ம ஊர் பற்றி எரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா எங்களைத் தன் வீட்டு உள்ளறையில் உட்காரவைத்து, வாசலில் நாற்காலி போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். அதுவும் நடந்தது, மற்றதும் நடந்தது. எல்லாம் அடங்கின பிறகு அப்பா எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பஸ்ல, கடைல, எங்கயும் சத்தமா தமிழ்ல பேசக்கூடாது. வீட்டுக்குள்ள வந்து பேசிக்கலாம்." நாங்கள் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அதை மறந்துவிட்டோம். சித்தப்பா மறக்கவில்லை. பெரியவர்கள் சிலருக்குப் பயம் ஒருதரம் உள்ளே போனால் ஈரம் ஏறின சுவர் மாதிரி, வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது. வீட்டு வாசற்படி தாண்டினால் அவர் வாயில் கன்னடம்தான். என்னிடமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம்கூடக் கன்னடத்தில் முணுமுணுத்தார் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தத் தை மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி மன்னார்குடிப் பக்கம். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. வந்த புதிதில் எங்கள் தெருக் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஏங்க்கா, ஒருத்தியை ஒருத்தி 'ஹோகே, ஹோகே'ன்னு கையை வீசிக் கத்துறாளுவளே, அப்படின்னா என்ன?"

"போடின்னு அர்த்தம். நல்லா இருக்குடி நீ கன்னடம் கத்துக்கற லட்சணம். முதல் வார்த்தையே வசவு" என்று அம்மா சிரித்தாள்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை முடிந்ததும் சித்திக்குத் துணையாக என்னை மலைக்கு அனுப்பினார்கள். அடிவாரத்தில் கார்டு வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை, சமையலுக்கு ஒரு சார்ப்பு. கூரை பகலில் சுட்டு, சாயங்காலம் குளிரும்போது யாரோ நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் போடும். நான் அந்தச் சத்தத்துக்குப் பயந்து சித்தியை ஒட்டிப் படுப்பேன். அவள் மேல் மஞ்சள் வாசனையும் விறகுப் புகை வாசனையும் வரும். அவளுக்கு இருபது வயசு இருந்தாலே அதிகம். அன்றைக்கு அவள் எனக்குப் பெரிய மனுஷி. இன்றைக்கு என் மகளைவிடச் சின்னவளாகத் தெரிகிறாள்.

காலையில் நான் சித்தப்பாவோடு மலை ஏறிவிடுவேன். ஏணிக் கம்பி சூடேறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். உச்சியில் நாலு பக்கமும் திறந்த ஒரு பெட்டி, மேலே தகரக் கூரை. காற்று காதைப் பிய்க்கும். காய்ந்த புல்லின் வாசனை, சுட்ட பாறையின் வாசனை, சித்தப்பாவின் பீடி வாசனை. பருந்துகள் நமக்குக் கீழே பறக்கும். பருந்தின் முதுகை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். கிழக்கே மங்கலாகத் தூசு படிந்தமாதிரி ஒரு கோடு தெரியும். "அதான் நம்ம ஊர்" என்பார் சித்தப்பா. கார்டும் அவர் வீட்டம்மாவும் கூட இல்லாத, பருந்து மட்டும் கேட்கிற உச்சியில் அவர் என்னிடம் தமிழில் பேசினார். அடிவாரம் வந்ததும் மறுபடி கன்னடம்.

கோபுரத்தில் முன்பு ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்ததாம். புகை தெரிந்தால் அதை இரும்புக் கழியால் அடித்தால் போதும், அடிவாரம் வரை கணீரென்று கேட்குமாம். அந்தக் கோடைக்குச் சற்று முன்னால் யாரோ பழைய இரும்புக்காக அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டியிருந்த சங்கிலி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேறு துண்டு வரும் வரும் என்றார்கள். வரவில்லை. "அதுவரைக்கும் என் தொண்டைதான் தண்டவாளம்" என்று சித்தப்பா சிரிப்பார். அவருக்கு நல்ல கணீர்க் குரல்தான். இப்போதும் அந்த இரும்புத் திருடனை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவனுக்கு அதில் ஒரு வேளை சாராயம்கூட வந்திருக்காது.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. சின்னச் சின்னதாக இரண்டு. ஒன்று பாஷை. கார்டு எதிரில் நின்றால் அவளிடமும் "நீரு கொடு", "பா இல்லி" என்று தண்ணீர் கேட்பதையும் கிட்டே கூப்பிடுவதையும்கூடக் கன்னடத்திலேயே செய்வார். "எங்கிட்ட எதுக்குங்க அந்தப் பாஷை? நான் என்ன குழாயடிக்காரியா?" என்பாள். "வெளிய இருக்கறப்போ இதான். பழகிக்கோ" என்பார் அவர். இரண்டாவது ராகி முத்தெ, அதுதான் கேழ்வரகுக் களி உருண்டை. நம்மில் பாதிப் பேர் அதைத் தின்று வளர்ந்தவர்கள். சித்தியின் ஊரில் அரிசி தவிர வேறெதையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் அது கொஞ்சம் முற்றிவிட்டது. "சோறு தின்னுட்டு மலை ஏறினா பாதி வழியில பசிக்குது. கார்டு வீட்டம்மாகிட்ட முத்தெ கிண்டக் கத்துக்கோன்னு எத்தனை தடவை சொல்றது" என்றார் சித்தப்பா.

"களி கிண்டுறதுக்கு எதுக்குங்க கல்யாணம்? ஏதாவது தப்புப் பண்ணிட்டு ஜெயிலுக்குப் போயிருந்தா அவங்களே போட்டிருப்பாங்களே."

நான் சிரித்துவிட்டேன். கார்டும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். ஜெயில் என்ற வார்த்தை நன்றாகவே புரிந்திருக்கும். சித்தப்பாவின் முகம் சுருங்கியது. சாப்பிடாமல் எழுந்து மலை ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மதியம் சித்தி சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். அவளே கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. மற்ற நாட்களில் நான் இறங்கிப் போய் வாங்கி வருவேன். மேலே இருந்து பார்த்தால் மஞ்சள் புடவை ஒரு புள்ளி மாதிரி பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்தது. கையில் கல்யாணச் சீராகக் கொண்டு வந்த அடுக்குக் கேரியர், வெயிலில் பளீர் பளீர் என்றது. மூன்று அடுக்கு. மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

"சித்தப்பா, சித்தி வர்றாங்க" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் என்று நினைத்தேன். மேற்கே, தூரத்தில், மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி ஒன்று எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் கயிறாயிற்று.

சித்தப்பா கிழக்குப் பக்கம் ஓடி வந்தார். அந்தப் பக்கத்து அடிவாரத்தில்தான் கார்டு வீடு. சித்தி ஏறி வந்துகொண்டிருந்த பாதையும் அந்தப் பக்கம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினார்.

கன்னடத்தில் புகைக்கு ஹொகெ. குட்டை வார்த்தை. அவ்வளவு தூரம் எட்ட வேண்டுமென்றால் இழுத்தாக வேண்டும்.

"ஹோ...கே! ஹோ...கே!"

ஒரு கையைத் தூக்கி மேற்கு நோக்கி வீசி வீசிக் காட்டினார். அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கார்டுக்குச் சொல்கிறார். மறுபடி மறுபடி அதே வார்த்தை, அதே கை. கார்டு வெளியே ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார். அவருக்குக் கேட்டுவிட்டது.

சித்தி நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து கோபுரமும் சித்தப்பாவும் மட்டும்தான் தெரிந்திருக்கும். மேற்குப் பக்கத்தை மலையே மறைத்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவள், பக்கத்துப் பாறை மேல் கேரியரை வைத்தாள். திரும்பி இறங்கினாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கார்டு வீட்டம்மாவுக்குச் செய்தி சொல்ல ஓடுகிறாள் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்றுகூட நினைத்தேன்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். குழாயடி வார்த்தை ஞாபகம் இருக்கிறதல்லவா? எனக்குப் புரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

தீ இரண்டு நாள் எரிந்தது. சித்தப்பா பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு மற்ற ஆட்களோடு போய்விட்டார். போகிற அவசரத்தில் என்னைக் கார்டு வீட்டம்மாவிடம் விட்டார். சித்தி எங்கே என்று கேட்க அவருக்கு நேரமில்லை. சாயங்காலம் கேரியரை எடுத்துவரப் போனேன். குரங்குகள் முந்திக்கொண்டிருந்தன. அடுக்குகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பழுப்பு உருண்டையை மென்று தின்னப் பார்த்துக்கொண்டிருந்தன. முத்தெயை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அதுகளுக்கு யார் சொல்வது? பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு, விரலை வாய்க்குள் விட்டு நோண்டிக்கொண்டு திண்டாடின. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நடு அடுக்கை ஒரு குரங்கு பள்ளத்தில் உருட்டிவிட்டது. டணங் டணங் என்று அது போய்க்கொண்டே இருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மற்ற இரண்டு அடுக்கையும் மூடியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த உருண்டைகளை யார் கிண்டியிருப்பார்கள், ஏன் அன்றைக்குப் பார்த்துக் கிண்டியிருப்பார்கள் என்று யோசிக்கிற வயசில்லை எனக்கு.

சித்தப்பா கண்ணிமை பொசுங்கி, கையெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது. சித்தி அன்றைக்கு மதியமே பஸ் பிடித்து, ஊர் மாற்றி, ரயில் ஏறி மன்னார்குடி போய்விட்டாள். போகும்போது கார்டு வீட்டம்மாவிடம் ஏதோ அழுதுகொண்டே சொன்னாளாம். தமிழில் சொன்னாள், அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "பாவம், பெங்கிய பாத்து பயந்துட்டா" என்று அந்த அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள். பெங்கி என்றால் தீ. சித்தப்பா அதையே பிடித்துக்கொண்டார். நான் தீக்குள் நிற்கிறேன், இவள் சோற்றைக் கல்லில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அவருக்கு அப்படித்தான் பட்டது. குற்றம் சொல்ல முடியாது.

போய்க் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. ஆடி மாதம் சித்தியின் அப்பாவும் அண்ணனும் அவளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பேச வந்தார்கள். பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். என்னைக் கடைக்குக் கலர் வாங்க அனுப்பிவிட்டார்கள். அங்கே நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லி, நானே உட்கார்ந்து பார்த்தமாதிரி ஆகிவிட்டது.

சித்தி சொன்னாளாம்: "எல்லார் எதிர்லயும் என்னை 'போடி'ன்னு கத்தினாரு. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. நாயை விரட்டுற மாதிரி கையை வீசினாரு."

சித்தப்பா சாமி படத்தடியில் கையை வைத்தாராம். "போடிங்கற வார்த்தை என் வாயில வந்திருந்தா நான் நாசமாப் போறேன். இவளை நான் அப்படிப் பேசினதே இல்ல. தீயைப் பாத்து ஓடினதுக்கு சாக்கு சொல்றா."

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்து, "தீயா? எந்தத் தீ?" என்று கேட்டாளாம்.

அறையே சிரித்ததாம். மலை இரண்டு நாள் எரிந்திருக்கிறது, மனுஷனுக்கு இமை பொசுங்கியிருக்கிறது, எந்தத் தீ என்று கேட்கிறாளே, என்ன நடிப்பு! அவள் அப்பாகூடத் தலையைக் குனிந்துகொண்டாராம். நான் கலர் பாட்டில்களோடு படியேறும்போது அந்தச் சிரிப்பின் கடைசிப் பகுதி எனக்கே கேட்டது.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் ஆறவில்லை. அந்த அறையில் இருந்த எங்கள் வீட்டார் அத்தனை பேருக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவள் காதில் விழுந்ததை விழுந்தபடி "ஹோகேன்னாரு" என்று சொல்லியிருந்தால் போதும், அம்மாவே தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், பாயோடு பாயாகச் சண்டை முடிந்திருக்கும். அவள் மரியாதைக்காகத் தமிழாக்கிச் சொன்னாள். போடி என்று அர்த்தம் சொல்லிக்கொடுத்த அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தட்டவில்லை. எங்கள் வீட்டில் பாஷைக்குப் பஞ்சமில்லை, காதுக்குத்தான் பஞ்சம்.

அத்துக்கொண்டார்கள். அவள் அண்ணன் சீர்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். நடு அடுக்கு இல்லாத கேரியரை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் "எந்தத் தீ?" ஒரு பழமொழியே ஆகிவிட்டது. சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு ஒன்றும் தெரியாதமாதிரி நின்றால், "எந்தத் தீ?" கரண்ட் பில் கட்ட மறந்துவிட்டு விழித்தால், "எந்தத் தீ?" சொல்வதற்கு ஒரு ராகம்கூட இருந்தது, கண்ணை விரித்துக்கொண்டு இழுத்துச் சொல்ல வேண்டும். தெருவில் இன்னும் மோசம். தீயைப் பார்த்து ஓடினவள் என்பது கொஞ்ச நாளில் சுருங்கி, 'ஓடிப்போனவ' என்று ஆயிற்று. ஓடிப்போனவள் என்றால் நம்ம தெருவில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அடுத்த கோடையில் சித்தப்பா மலைக்குப் போகவில்லை. நாலைந்து வருஷம் கழித்து அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். நல்ல மனுஷி. அவரையும் நான் சித்தி என்றுதான் கூப்பிட்டேன். வாய்க்கு வேறு என்ன தெரியும்?

படிப்பு முடித்து நான் முதலில் வேலைக்குப் போனது பீன்யாவில், ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுத. மதியம் ரோட்டோர மரத்தடியில் பக்கத்துத் துணி ஃபேக்டரிப் பெண்கள் கும்பலாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் லொடக் லொடக் என்று ஒரு சத்தம். இரண்டு அடுக்குக் கேரியர் ஒன்று, மூன்று அடுக்குக்கான கம்பிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மூடியில் பெயர். என் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"சித்தி" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முன்நெற்றியில் நரை. "கூரைச் சத்தத்துக்குப் பயந்து ஒட்டிக்கிற பொண்ணுதானே நீ" என்றாள். பிறகு என் டப்பாவில் தன் ஊறுகாயை வைத்தாள்.

ஊரில் இருக்க முடியவில்லையாம். அங்கேயும் வாய்கள் இருக்குமல்லவா? தெரிந்தவள் ஒருத்தி மூலமாக இங்கே வேலைக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு ஒரு பஸ் தூரத்தில் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்த மரத்தடிக்குப் போனேன். ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"வேலைக்குச் சேந்த புதுசு. மிஷின்ல குனிஞ்சு தச்சுக்கிட்டு இருக்கேன். பின்னால ஒருத்தி 'ஹொகே, ஹொகே'ன்னு கத்துறா. யாரோ யாரையோ வையுறாங்கன்னு நான் பாட்டுக்குத் தைக்கிறேன். பக்கத்து மிஷின்காரி வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டு ஓடினா. வெளிய வந்து அவகிட்ட கேட்டேன், எதுக்கு எல்லாரும் போடி போடின்னு கத்துறீங்கன்னு. அவ சிரிச்சா. ஜன்னலைக் காட்டினா. கருகருன்னு வந்துகிட்டிருந்துச்சு." சித்தி கேரியர் கம்பியை மூடினாள், திறந்தாள். "அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். மயக்கம்னு நெனச்சு எல்லாரும் தண்ணி தெளிச்சாளுவ."

"அப்பவே எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே சித்தி!"

"வந்தேனே. அடுத்த ஞாயித்துக்கிழமையே வந்தேன். குழாயடியில ஒருத்தி அடையாளம் கண்டுகிட்டு, ஓடிப்போனவ வந்திருக்கான்னு இன்னொருத்திகிட்ட சொன்னா. கன்னடத்துலதான் சொன்னா. அதுக்குள்ள எனக்கு அது புரிய ஆரம்பிச்சிருந்துச்சு. உங்க வீட்டுக் கதவு தொறந்திருந்துச்சு. உள்ள தூளி ஆடுது. உங்க சித்தப்பா ஆட்டிவிட்டுக்கிட்டு இருக்காரு." கொஞ்சம் சிரித்தாள். "அன்னிக்குத்தான் நெசமாவே ஓடினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தடி என்றும் பார்க்காமல் அழுதேன். சித்தப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. நான் நடிக்கலன்னு அவருக்குத் தெரியணும். ஆனா அந்தம்மா பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லு. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

சித்தப்பா அப்போது எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டை ஒட்டின மாடி வீட்டில் குடியிருந்தார். சாயங்காலமானால் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கே புகை எழும்பினாலும் கண் அங்கே போகும். அது ஹோட்டல் புகை, அது எவனோ டயர் கொளுத்துறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியிலிருந்து ஆரம்பித்து, தூளி வரைக்கும்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குப்பைமேட்டுப் பக்கம் எழும்பின புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேரியர்ல என்ன இருந்துச்சு?" என்றார் கடைசியில். "சாப்பாட்டைக் குரங்கு தின்னுருச்சுன்னு சொன்னாங்க."

"முத்தெ, சித்தப்பா."

"அவ கிண்டினதா?"

"ஆமா. அன்னிக்குத்தான் முதல் தடவையாம். கார்டு வீட்டம்மாகிட்ட கத்துக்கிட்டாங்களாம்."

தலையை ஆட்டினார். பீடியை எடுத்தார், பற்றவைக்காமலே வைத்திருந்தார். அடுத்துப் பேசினபோது அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "தமிழ்லயே கத்தியிருக்கலாம். புகைன்னு ஒரு வார்த்தை. கார்டுக்கும் அது புரியும்தான். அங்க கேக்கறதுக்கு வேற யாரு இருந்தா? மலையில எவன் என்னை அடிக்க வரப்போறான்?"

அவர் தோளைத் தொட்டேன்.

அப்போது கீழே வீட்டுக்குள்ளிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது. "யாருடி அடுப்பைப் பத்தவெச்சுட்டு அப்படியே விட்டது?" என்று சித்தியின் குரல், இந்தச் சித்தியின் குரல். சித்தப்பாவின் சின்ன மகள் கண்ணை விரித்துக்கொண்டிருக்க வேண்டும், குரலிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு ராகம் ஒரு இம்மி பிசகாமல் இழுத்துச் சொன்னாள்.

"தீயா? எந்தத் தீ?"

இந்தச் சித்தியும் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் எட்டின அதே குரலை, அத்தனை வருஷம் கழித்து, வயிற்றிலிருந்து எடுத்தார்.

"சிரிக்காதீங்க! யாரும் சிரிக்காதீங்க!"

சிரிப்பு நின்றது. தெருவில் போனவர்கள் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா கதவைத் திறந்து வெளியே வந்தாள். வீட்டுக்கு வெளியே அவர் அவ்வளவு சத்தமாகத் தமிழ் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.